எந்த வண்டி லாபம்? வகுப்பறைக்கு ஒரு வாகனக் கணக்கு

அடுத்து வாங்கும் வண்டி பெட்ரோலா, பேட்டரியா, அல்லது இரண்டும் சேர்ந்த ஹைபிரிட்டா? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆசிரியர்களின் உணவு இடைவேளைப் பேச்சில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை எனலாம். அதற்குக் காரணமும் உண்டு. 2020-இல் அறிமுகமான டி.வி.எஸ். ஐக்யூப் ஓசூரில் உருவாகும் வண்டி. ஏத்தர் நிறுவனம் 2021-இல் பெங்களூரிலிருந்து ஓசூருக்குத் தன் உற்பத்தியை மாற்றிக்கொண்டது. பாரூரை அடுத்த போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. அங்கிருந்து 2021 டிசம்பரில் வண்டிகள் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கின. எல்லைக்கு அப்பால், பெங்களூரை அடுத்த பிடதியில், டொயோட்டாவின் ஹைபிரிட் கார்கள் உருவாகின்றன. நம் மாணவர்களின் அக்காக்களும் அண்ணன்களும் இந்த ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். நாளை இந்த மாணவர்களில் பலரும் அங்கேதான் வேலைக்குப் போவார்கள்.

ஆனால் பிள்ளைகளின் காதில் விழுவது இரண்டே வாக்கியங்கள். "இனி எல்லாமே கரண்ட் வண்டிதான்" என்பது ஒன்று. "பேட்டரி போனால் வண்டியே போச்சு" என்பது இன்னொன்று. இரண்டிலும் கணக்கு இல்லை. நான் பாரூர் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். இந்தக் கேள்வியைச் செலவு, பயன் என்ற இரு தட்டுகளில் வைத்து நிறுத்துப் பார்க்க நம் பாடநூலில் உள்ள கணக்குகளே போதும். அதைச் செய்யும் முறையையே இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

நான்கு வகை வண்டிகள்

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்ரோல் வண்டி நாம் அறிந்ததே. 'ஹைபிரிட்' காரில் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு சிறு பேட்டரியும் மோட்டாரும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை அந்தப் பேட்டரி சேமித்துத் திரும்பத் தரும். இதை வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய முடியாது. இதற்கு வரும் ஆற்றல் முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. பேட்டரி வண்டியில் இன்ஜினே கிடையாது.

நான்காவது வகை பிளக்-இன் ஹைபிரிட். இதில் இன்ஜினும் உண்டு, வீட்டுப் பிளக்கில் சொருகிச் சார்ஜ் செய்யக்கூடிய ஓரளவு பெரிய பேட்டரியும் உண்டு. முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டரை மின்சாரத்தில் ஓட்டலாம்; அதற்கு மேல் பெட்ரோல் பார்த்துக்கொள்ளும். சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2008 டிசம்பரிலும், அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 2010-இலும் இவ்வகைக் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. பெரும்பாலோரின் அன்றாடப் பயணம் குறைந்த தூரம்தான், நீண்ட பயணம் எப்போதாவதுதான் என்ற எண்ணமே இதன் அடிப்படை. அன்றாடத்துக்கு மின்சாரம், திருப்பதி போவதற்குப் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் இவ்வகைக் கார் ஏன் அரிதாகவே கண்ணில் படுகிறது? ஒரு முக்கியக் காரணம் வரி. 2019 ஆகஸ்ட் 1 முதல் பேட்டரி வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பிளக்-இன் ஹைபிரிட் காரோ வரிக்கணக்கில் ஹைபிரிட் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. பெரிய கார்களுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத கூடுதல் வரியுமாக 43 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வரிக்கு முன் 20 லட்சம் விலையுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால், பேட்டரி வண்டிக்கு வரி 1 லட்சம். மற்றதற்கு 8 லட்சம். 2022 டிசம்பரில் இங்கே அறிமுகமான பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். என்ற பிளக்-இன் ஹைபிரிட்டின் அன்றைய விலை 2 கோடியே 60 லட்சம் ரூபாய். நம் ஊதியத்துக்கு எட்டாத வண்டிதான். ஆனாலும் செலவு-பயன் கணக்கைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஒரே வண்டிக்குள் இரண்டு எரிபொருள் இருப்பதால், ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

கீழ்வரும் எண்கள் கணக்கு எளிதாக வர நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்ளலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 9 ரூபாய்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கி.மீ. தந்தால் கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய்.
ஹைபிரிட் கார் லிட்டருக்கு 20 கி.மீ. தந்தால் 5 ரூபாய்.
பிளக்-இன் ஹைபிரிட், யூனிட்டுக்கு 5 கி.மீ. வீதம் மின்சாரத்தில் ஓடும்போது 1.80 ரூபாய்.
அதே கார் பேட்டரி தீர்ந்து பெட்ரோலில் ஓடும்போது 5 ரூபாய்.

இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்ஜின் அதில் கால் பங்கு அளவையே சக்கரத்துக்குத் தருகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. மின் மோட்டாரோ தான் பெறும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றுகிறது. ஓடி நின்ற பைக்கின் இன்ஜின் பக்கம் கை கொண்டுபோனாலே வீணாகும் வெப்பம் மாணவர்களுக்குப் புரியும்.

விலை வேறுபாடு எப்போது திரும்பக் கிடைக்கும்?

ஹைபிரிட் கார் 18 லட்சம், பிளக்-இன் ஹைபிரிட் 22 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். x கிலோமீட்டர் ஓடியபின் மொத்தச் செலவு y என்றால்,

ஹைபிரிட்: y = 18,00,000 + 5x
பிளக்-இன் (முழுவதும் மின்சாரத்தில்): y = 22,00,000 + 1.80x

இரு கோடுகளும் சந்திக்கும் இடம்: 4,00,000 ÷ 3.20 = 1,25,000 கி.மீ.

பள்ளிக்குப் போகவர 40 கி.மீ., ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 8,800 கி.மீ. அப்படியானால் சந்திக்கும் புள்ளியை எட்ட 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் போய்வருபவருக்கு 100 கி.மீ. அவர் முதல் 50 கி.மீ.யை மின்சாரத்திலும் அடுத்த 50-ஐப் பெட்ரோலிலும் ஓட்டினால் நாளொன்றுக்கு 90 + 250 = 340 ரூபாய் செலவு. ஹைபிரிட்டில் 500 ரூபாய். மிச்சம் 160. ஆண்டுக்கு 35,200. அவருக்கும் 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இங்கே ஏழாம் வகுப்புத் தனிவட்டியைச் சேர்த்துப் பாருங்கள். கூடுதலாகக் கொடுத்த 4 லட்சத்தை 9 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால் முதல் ஆண்டு வட்டி 36,000 ரூபாய். நாளுக்கு 40 கி.மீ. ஓடுபவரின் எரிபொருள் மிச்சமோ ஆண்டுக்கு 28,160 ரூபாய்தான். பெட்ரோல் பங்கில் மிச்சம் பிடித்ததை வங்கியில் கட்டிவிட்டு, மேற்கொண்டு கையிலிருந்தும் கொடுக்கிறோம். கடனில் வண்டி எடுக்கும் நம்மில் பலர் பார்க்கத் தவறும் வரி இதுதான்.

சந்திக்காத கோடுகள்

பிளக்-இன் ஹைபிரிட்டை வாங்கியவர் சார்ஜ் செய்யாமலே ஓட்டினால்? அப்போது அதன் சமன்பாடு y = 22,00,000 + 5x. ஹைபிரிட்டின் சாய்வும் 5, இதன் சாய்வும் 5. இரண்டும் இணைகோடுகள், எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் சந்திக்கா. கொடுத்த 4 லட்சம் திரும்பவே வராது. கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரிவதால் உண்மையில் செலவு இன்னும் சற்றுக் கூடவே செய்யும்.

இது கற்பனைக் கவலை இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் பதிவான கார்களின் எரிபொருள் அளவீட்டுக் கருவிகளிலிருந்தே தரவைத் திரட்டி, 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சாலையில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் கார்பன் டைஆக்சைடு வெளியேற்றம் ஆய்வகச் சோதனையில் கணித்ததைப் போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 20 சதவீதம்தான். மக்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சொருகவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை என்பதே முக்கியக் காரணம். வண்டி ஒன்றுதான், பயன் மட்டும் ஓட்டுபவரின் பழக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது.

எங்கே சொருகுவது?

நம் ஊர் நிலைமையில் இந்தக் கேள்வியே பாதி விடையைத் தீர்மானித்துவிடும். சொந்த வீடு, தரைத்தளம், வாசலில் நிறுத்த இடம், சரியான எர்த் இணைப்புள்ள பிளக் இவை இருப்பவருக்குச் சிக்கல் இல்லை. மாடியில் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பொதுச் சார்ஜிங் நிலையத்தை நம்பியிருப்பவருக்கு யூனிட் 15 ரூபாய் என்றால், 1.80 ரூபாய் 3 ரூபாயாகிவிடும், மிச்சம் 3.20-லிருந்து 2 ரூபாயாகச் சுருங்கும்.

வீட்டு மின் கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாகக் கட்டணம் ஏறும். நாளுக்கு 8 யூனிட் வீதம் கார் சார்ஜ் செய்தால் இரண்டு மாத வேலை நாட்களில் ஏறத்தாழ 290 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் பயன்படுத்தும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேல்படிக் கட்டணம் விழுவதோடு கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறையும். ஆகவே சராசரி யூனிட் விலையை வைத்துக் கணக்கிடுவது சரியாக வராது. வண்டி வந்தபின் வரும் கட்டணத்திலிருந்து அதற்கு முந்தைய கட்டணத்தைக் கழித்து, கூடிய யூனிட்டால் வகுக்க வேண்டும். வண்டிக்கான உண்மையான யூனிட் விலை அதுதான்.

அதே கணக்கு, நம் ஸ்கூட்டருக்கு

இனி நம் கைக்கு எட்டும் வண்டிக்கு வருவோம். பெட்ரோல் ஸ்கூட்டர் 90,000 ரூபாய், லிட்டருக்கு 50 கி.மீ.; மின் ஸ்கூட்டர் 1,20,000 ரூபாய், யூனிட்டுக்கு 30 கி.மீ. என்று கொள்வோம்.

பெட்ரோல்: y = 90,000 + 2x
மின்சாரம்: y = 1,20,000 + 0.30x

30,000 ÷ 1.70 = ஏறத்தாழ 17,650 கி.மீ.

நாளுக்கு 40 கி.மீ. போய்வரும் ஆசிரியருக்கு ஆண்டு மிச்சம் 14,960 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் கோடுகள் சந்திக்கின்றன. நாளுக்கு 10 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு ஆண்டு மிச்சம் 3,740 ரூபாய். எட்டு ஆண்டுகள் ஆகும். எட்டாம் ஆண்டில் 40,000 ரூபாய்க்குப் பேட்டரி மாற்ற வேண்டிவரலாம் என்று ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கி வைத்தால், முதலாமவருக்கு இன்னும் ஆண்டுக்கு 9,960 ரூபாய் கையில் நிற்கிறது. இரண்டாமவருக்கு நட்டம். மறுபக்கம், மின் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றும் செலவும் ஸ்பார்க் பிளக் செலவும் கிடையாது. அதையும் தட்டில் வைக்க வேண்டும். பிளக்-இன் ஹைபிரிட்டிலோ இன்ஜின் பராமரிப்பும் உண்டு, பேட்டரிக் கவலையும் உண்டு.

அந்த 30,000 ரூபாய் வேறுபாடும் நிலையானது இல்லை. மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் மின் இருசக்கர வாகனங்களுக்குப் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் மானியம் இருந்தது. 2023 ஜூன் 1 முதல் அது 10,000 ஆயிற்று. 2024 மார்ச் 31-உடன் அத்திட்டம் முடிந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் முதலில் 5,000, பின்னர் 2,500 என்று குறைந்தது. மானியம் குறையக் குறைய, கோடுகள் சந்திக்கும் புள்ளி வலப்பக்கம் நகரும். பெட்ரோல் விலை ஏறினால் இடப்பக்கம் நகரும். சென்ற ஆண்டு நண்பர் போட்ட கணக்கு இந்த ஆண்டு நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

காற்றுக்கு என்ன லாபம்?

பணத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவு வெளியாகிறது. இதை வைத்துப் பார்த்தால் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 46 கிராம்; மின் ஸ்கூட்டர் 23 கிராம். சரிபாதி.

ஆனால் காரில் கதை மாறுகிறது. பெட்ரோல் கார் 144 கிராம், ஹைபிரிட் 115 கிராம், மின்சாரத்தில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் 140 கிராம். புகைக்குழாயில் புகை வராவிட்டாலும், எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் அது வருகிறது. பெட்ரோலைச் சுத்திகரித்துப் பங்க் வரை கொண்டுவருவதில் ஆகும் வெளியேற்றத்தைச் சேர்த்தால் பெட்ரோல் பக்கத்து எண்கள் இன்னும் உயரும் என்பதையும், பேட்டரி செய்யவும் ஆற்றல் செலவாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பந்தலின் காற்றாலைகளும் கமுதியின் சூரிய மின் நிலையமும் போன்றவை பெருகப் பெருக 0.7 என்ற எண் குறையும். அப்போது அதே மின் வண்டி, எதையும் மாற்றாமலே தூய்மையாகும். ஊருக்குள் குழந்தைகள் சுவாசிக்கும் புகை குறைவது இன்றே கிடைக்கும் பயன். இந்தக் கணக்கிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்று: ஒரே ஆளைச் சுமக்க ஒன்றரை டன் இரும்பை நகர்த்தினால், எந்த எரிபொருளானாலும் செலவு கூடத்தான் செய்யும்.

வகுப்பறையில் செய்வது எப்படி?

ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்காகத் தொடங்கலாம்: "ஒரு லிட்டருக்கு 50 கி.மீ. ஓடினால், பள்ளியிலிருந்து போச்சம்பள்ளி போய்வர எவ்வளவு பெட்ரோல் ஆகும்?" ஏழாம் வகுப்பில் தனிவட்டி. ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் நேரிய சமன்பாடுகள். சந்திக்கும் கோடுகளும் இணைகோடுகளும் வரைபடத்தாளில் கண்ணெதிரே வரும். பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னாற்றலும் கிலோவாட் மணியும். சமூக அறிவியல் ஆசிரியர் வரியையும் மானியத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். எந்த நிறுவனத்துக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ நாம் பேச வேண்டாம், எண்களைப் பேசவிடுவோம். "உங்கள் வீட்டில் என்ன வண்டி?" என்று வகுப்பில் பொதுவாகக் கேட்கவும் வேண்டாம். வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளை கூசிப்போகும். நான் அட்டைகளில் குடும்பங்களை எழுதிக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன்: நாளுக்கு 60 கி.மீ. சுற்றும் பால்காரர், மாந்தோப்புக்கு மட்டும் போய்வரும் விவசாயி, வாடகை வீட்டு ஆசிரியை, பேருந்தில் போகும் தொழிலாளி. பால்காரர் அட்டை பெற்ற குழு ஆண்டுக்கு 300 நாள், 18,000 கி.மீ., 30,600 ரூபாய் மிச்சம் என்று கண்டுபிடித்தது. அவருக்கு ஓராண்டுக்குள் கோடுகள் சந்திக்கின்றன. விவசாயி அட்டைக் குழு, இப்போதுள்ள வண்டியே போதும் என்று முடிவுசெய்தது.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க அக்கா கரண்ட் வண்டி செய்யிற கம்பெனியிலதான் வேலை பாக்குது. ஆனா தினமும் கம்பெனி பஸ்லதான் போகுது. அதுக்கு எந்த வண்டி லாபம்?" கேள்வியை வகுப்புக்கே விட்டேன். சிறிது நேரம் பேசிவிட்டுப் பின் இருக்கைப் பையன் ஒருவன் சொன்னான்: "x பூச்சியம் சார். எந்த வண்டி வாங்கினாலும் முதல் மட்டும்தான் போகும்." ஓடாத வண்டி எதையும் மிச்சப்படுத்துவதில்லை என்று அவன் சமன்பாட்டின் வழியாகவே கண்டுகொண்டான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் சேர்த்து, பேருந்துக்கென ஒரு கோட்டையும் அன்று வரைந்தோம். அது கிடைமட்ட அச்சின் மேலேயே கிடந்தது.

வண்டி வாங்க நினைக்கும் ஆசிரிய நண்பர்கள் காட்சியகத்துக்குப் போகுமுன் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஆண்டுக்கு ஓடும் கிலோமீட்டர், வீட்டில் சொருகும்போது விழும் உண்மையான யூனிட் விலை, இரு வண்டிகளுக்கும் உள்ள விலை வேறுபாடு, கடன் வட்டி. விற்பனையாளர் சொல்லும் மிச்சத்தை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். நம்மிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் நாளை முதல் சம்பளம் வாங்கித் தவணையில் வண்டி எடுக்கப் போகும்போது, அந்தத் தாள் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும்.